விலை உயர்ந்த பிஸ்டல்: சோதித்து நம்புவதும், கம்பெனியிடம் வேலை வாங்குவதும்

அமெரிக்காவில் 500 டாலர் பிஸ்டல் ஒன்று சுடுதளத்தில் சிக்கிக்கொண்டால் யாரும் திகைப்பதில்லை. 4,000 டாலர் பிஸ்டல் சிக்கினால் கதை வேறு. வாங்கியவர் முதலில் தோட்டாவைக் குறை சொல்வார், அடுத்துத் தன் பிடியைக் குறை சொல்வார், எண்ணெய் போதவில்லை என்பார். பிஸ்டல்மீது சந்தேகம் கடைசியில்தான் வரும். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும், கையில் ஒரு குறிப்பும் இருக்காது. அந்த நிலையில் கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்கள் பக்கம் சரியாகத்தான் சுடுகிறது" என்ற ஒரே வரியோடு உரையாடல் முடிந்துவிடும்.

விலை வாங்கித் தருவது கைவேலை, நேர்த்தி, துல்லியம். நம்பகத்தை நீங்களேதான் சோதித்து அறிய வேண்டும். சோதிக்கும்போது எழுதி வைக்கும் குறிப்புதான், பழுது வந்தால் கம்பெனியிடம் உங்களுக்காகப் பேசும்.

இந்த அத்தியாயம் யாருக்கு?

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக, சட்டப்படி பிஸ்டல் வைத்திருக்கும் வாசகருக்கு. எச்1-பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடையில் அடங்கலாம். ஐயம் இருந்தால் வக்கீலிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எடுத்துக்காட்டாக 1911 வகை பிஸ்டலை எடுத்துக்கொள்கிறேன். விலை உயர்ந்த கைவேலைப் பிஸ்டல்களில் பெரும்பகுதி இந்த வகைதான். ஆர்கன்சா மாநிலத்தின் பெரிவில் ஊரில் வில்சன் காம்பாட், நைட்ஹாக் கஸ்டம் இரண்டும் இருக்கின்றன. மிசூரியில் எட் பிரவுன், அயோவாவில் லெஸ் பேயர். மற்ற வகை வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவே. உதிரி பாகங்களின் பெயர் மட்டும் மாறும்.

## 1. முதலில் பாதுகாப்பு

சிக்கிய பிஸ்டல், சரியாக ஓடும் பிஸ்டலைவிட ஆபத்தானது. கவனம் முழுவதும் பழுதின்மேல் போய், குழல்முனை எங்கே பார்க்கிறது என்பது மறந்துபோகும். இந்த நான்கையும் மனப்பாடமாக்குங்கள்:

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினையுங்கள்.
2. அழிய விரும்பாத எதையும் நோக்கிக் குழல்முனை திரும்பக்கூடாது.
3. குறி பார்த்து, சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிக்கரைத் தொடக்கூடாது.
4. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே சுடுங்கள்.

சோதனைக்கென்று மேலும் மூன்று:

- விசை அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழல்முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும்.
- சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து "புஸ்" என்று வந்ததா? உடனே நிறுத்துங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, பிஸ்டலைப் பிரித்துக் குழலைப் பின்பக்கமிருந்து பாருங்கள். குண்டு உள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடித்துவிடலாம்.
- ஒரு அழுத்தலுக்கு இரண்டு குண்டு போனதா? சேஃப்டி போட்டிருந்தும் சுட்டதா? சோதனை அங்கேயே முடிந்தது. உறுதி செய்துகொள்ள மறுமுறை சுட்டுப் பார்க்காதீர்கள். காலி செய்து பெட்டியில் வையுங்கள். அடுத்த வேலை கம்பெனிக்குப் போன்.

கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் கட்டாயம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். ஈயத்தூள் கையில் ஒட்டியிருக்கும்.

## 2. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

உத்தரவாதத் தாளைப் பணம் கட்டிய பிறகு படிப்பவர்களே அதிகம். கடையில் நிற்கும்போதே இவற்றைக் கேளுங்கள்:

1. உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமா, பிஸ்டலை அடுத்து வாங்குபவருக்கும் உண்டா?
2. ஸ்பிரிங், மேகசின் போன்ற தேயும் பாகங்கள் அதில் அடங்குமா?
3. பழுதுக்கு அனுப்பினால் போகவர கூரியர் செலவு யாருடையது?
4. மறுபடி நிரப்பிய தோட்டாவைச் சுட்டால் உத்தரவாதம் போய்விடுமா? பெரும்பாலும் போய்விடும்.
5. ட்ரிக்கரையோ ஸ்பிரிங்கையோ வெளியில் மாற்றினால் என்ன ஆகும்?

குறிப்பு: எதற்கு உறுதி தருகிறார்கள் என்று சொல் சொல்லாகப் பாருங்கள். லெஸ் பேயரின் சில மாடல்களுக்கு 50 கெஜ தூரத்தில் 3 அங்குலத்துக்குள் குண்டுகள் விழும் என்ற உறுதி உண்டு. அது துல்லியத்துக்கான உறுதி. சிக்காமல் ஓடுவது வேறு சங்கதி. குழலும் ஸ்லைடும் இறுக்கமாகப் பொருந்தினால் துல்லியம் கூடும். அதே இறுக்கம் அழுக்கையும் வறட்சியையும் பொறுக்காது.

## 3. சுடுவதற்கு முந்தைய நாள்

1. மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை இழுத்துப் பிடித்து, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள்.
2. கையேட்டை முழுதாகப் படியுங்கள். எத்தனை தோட்டா சுட்டுப் பழக்க வேண்டும், என்ன வகைத் தோட்டா என்று அதில் இருக்கும்.
3. கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த எண்ணெய் துருவைத் தடுக்கப் பூசியதாக இருக்கலாம். துடைத்துவிட்டு, ஸ்லைடு ஓடும் தடங்களிலும் குழலின் வெளிப்புறத்திலும் புது எண்ணெய் இடுங்கள். புதுசான இறுக்கமான பிஸ்டலுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடலாம்.
4. மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால்தான் பலருக்குப் பழுது எங்கே என்று கடைசிவரை தெரிவதில்லை.
5. சீரியல் எண், ஸ்லைடு, குழல், எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக்கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கிப் பாகம்) ஆகியவற்றைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

எச்சரிக்கை: 1911-இல் தோட்டாவைக் கையால் சேம்பரில் போட்டு ஸ்லைடை அறைய விடாதீர்கள். தோட்டா எப்போதும் மேகசினிலிருந்துதான் ஏற வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி தோட்டாவின் விளிம்பின்மேல் ஏறிக் குதித்து, நாளடைவில் வளைந்தோ உடைந்தோ போகும். காலிச் சேம்பரில் ஸ்லைடைத் தடாலென்று விடுவதும் ட்ரிக்கர் பாகங்களுக்கு நல்லதல்ல.

## 4. ஐந்நூறு தோட்டாச் சோதனை

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் இரண்டு பிஸ்டல்களை, ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டா சுட்டுச் சோதித்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, அதாவது இன்றைய 1911 வகையின் முன்னோடி, ஒரு முறைகூடச் சிக்கவில்லை. போட்டியாக வந்த சாவேஜ் 37 முறை சிக்கியது. அந்தச் சோதனையிலேயே 100 தோட்டாவுக்கு ஒரு முறை ஆறவிட்டார்கள், 1,000 தோட்டாவுக்கு ஒரு முறை சுத்தம் செய்து எண்ணெய் இட்டார்கள். சோதனைக்கு வந்த இயந்திரத்துக்கே பராமரிப்பு தேவைப்பட்டது. அதனால் "எண்ணெயே போடாமல் ஓட வேண்டும்" என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை.

நமக்கு 6,000 தேவையில்லை. 500 போதும். ஒரே நாளில் முடிக்காமல் நான்கைந்து முறையாகப் பிரித்துச் செய்யுங்கள்.

முதல் கட்டம்: 200 தோட்டா

1. .45 ஏ.சி.பி. என்றால் 230 கிரெயின் எடையுள்ள, முழுவதும் செப்பு உறையிட்ட உருண்டைமுனைத் தோட்டாவை எடுங்கள். இந்தப் பிஸ்டலின் அடிப்படை வடிவம் இந்தத் தோட்டாவுக்காகவே பிறந்தது.
2. ஒரே பிராண்டு, ஒரே லாட். பெட்டியின் மூடியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். லாட் எண் அதில்தான் இருக்கும்.
3. மேகசின்களை வரிசை மாறாமல் மாற்றி மாற்றிச் சுடுங்கள்.
4. ஒவ்வொரு 50-க்கும் நிறுத்தி, ஆறவிட்டு, குறிப்பு எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு சிக்கல் வந்தால் குறித்துக்கொண்டு தொடருங்கள். புதுச் செருப்பு சில நாள் கடிக்கும். ஆறு மாதம் கழித்தும் கடித்தால் கடைக்காரனைப் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாம் கட்டம்: 300 தோட்டா

1. சுத்தம் செய்து எண்ணெய் இட்டுத் தொடங்குங்கள். இடையில் சுத்தம் செய்யாதீர்கள், எண்ணெய் மட்டும் இடலாம்.
2. வீட்டுப் பாதுகாப்புக்கென்றால், இதில் 200 தோட்டாவை நீங்கள் வீட்டில் வைக்கப்போகும் அதே குழிமுனைத் தோட்டாவாகச் சுடுங்கள். உருண்டைமுனை ஓடியது என்பதால் குழிமுனையும் ஓடும் என்று சொல்ல முடியாது.
3. இரண்டு கை, வலது கை மட்டும், இடது கை மட்டும் என்று பிடியை மாற்றிச் சுடுங்கள். ஒற்றைக் கைக்குப் பழக்கமில்லாதவர் பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொள்ளட்டும்.
4. பழகிய இன்னொருவரிடம் கொடுத்து இரண்டு மேகசின் சுடச் சொல்லுங்கள். உங்களுக்குச் சிக்குவது அவருக்குச் சிக்கவில்லையென்றால், தளர்ந்த மணிக்கட்டு காரணமாக இருக்கலாம்.

இந்த 300-இல் வருவதை "பழகினால் சரியாகும்" என்று தள்ளாதீர்கள். இங்கே வருவதெல்லாம் கணக்கு.

## 5. பதிவேட்டில் என்ன எழுதுவது?

ஒரு சின்ன நோட்டுப் போதும். ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு வரி:

- தேதி, அதுவரை சுட்ட மொத்தத் தோட்டா
- மேகசின் எண், அதில் எத்தனையாவது தோட்டா
- தோட்டாவின் பிராண்டு, எடை, லாட் எண்
- கண்ணால் கண்டது
- கடைசியாக எண்ணெய் இட்டது எப்போது, சுட்டவர் யார்

மாதிரி: "312ஆவது தோட்டா. மேகசின் 2, முதல் தோட்டா. 230 கிரெயின் உருண்டைமுனை. ஸ்லைடு முழுதாக மூடவில்லை, சுமார் 3 மி.மீ. இடைவெளி. 112 தோட்டாவுக்கு முன் எண்ணெய் இட்டது."

குறிப்பு: சிக்கியவுடன் அவசரமாக ஸ்லைடை இழுத்துச் சரிசெய்யாதீர்கள். விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்து, குழல்முனையை இலக்கின் பக்கமே வைத்து, இரண்டு விநாடி பாருங்கள். உடன் இருப்பவர் பின்னால் நின்றபடி போனில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. பல சிக்கல்களின் காரணம் அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

## 6. சிக்கலை அடையாளம் காணுங்கள்

தோட்டா ஏறவில்லை. தோட்டாவின் மூக்கு குழல் வாயில் இடித்து நிற்கும். முதல் சந்தேகம் மேகசின்மேல். அடுத்து குண்டின் வடிவம், எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கம்.

ஸ்லைடு முழுதாக மூடவில்லை. வறட்சி, அழுக்கு, இறுக்கமான சேம்பர், தளர்ந்த ரீகாயில் ஸ்பிரிங். 5 அங்குலக் குழல் உள்ள .45 பிஸ்டலுக்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு.

வெற்றுக்கூடு சேம்பரிலேயே நிற்கிறது. அடுத்த தோட்டா அதன் பின்னால் வந்து முட்டும். எக்ஸ்ட்ராக்டரையும் சேம்பரையும் பார்க்க வேண்டும். மேகசினைக் கழற்றினால்தான் இது விடுபடும்.

வெற்றுக்கூடு ஸ்லைடில் செங்குத்தாக மாட்டிக்கொண்டது. பலம் குறைந்த தோட்டா, தோட்டாவுக்கு மீறிய கடின ஸ்பிரிங், தளர்ந்த பிடி, அல்லது எக்ஸ்ட்ராக்டர்.

வெடிக்கவில்லை. 30 விநாடி கழித்து எடுத்து பிரைமரைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் பெரும்பாலும் தோட்டாவில் குறை. மேலோட்டமாக இருந்தால் பிஸ்டலில் குறை இருக்கலாம்.

கடைசித் தோட்டா போயும் ஸ்லைடு திறந்து நிற்கவில்லை. மேகசின், அல்லது உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்திக்கொண்டிருக்கிறது.

பிரித்தறியும் வரிசை: மேகசின், தோட்டா, சுடுபவர், பிறகே பிஸ்டல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேகசினையும் தோட்டாவையும் சேர்த்து மாற்றி, சிக்கல் போய்விட்டால், எது காரணம் என்று தெரியாமலே வீடு திரும்புவீர்கள்.

## 7. கம்பெனியை அழைக்கும் நேரம்

இவற்றில் ஒன்று இருந்தால் போதும்:

- இரண்டாம் கட்டத்தில் ஒரே சிக்கல், இரண்டு மேகசினிலும் இரண்டு பிராண்டுத் தோட்டாவிலும் திரும்ப வருகிறது.
- ஏதாவது பாகம் உடைந்தது, விரிசல் விட்டது.
- பாதுகாப்புக் குறை எதுவாக இருந்தாலும்: ஒரே முறை வந்தாலும் போதும்.

பேசும் முறை:

1. சீரியல் எண், வாங்கிய ரசீது, பதிவேடு மூன்றும் எதிரில் இருக்கட்டும்.
2. கண்டதை மட்டும் சொல்லுங்கள். "எக்ஸ்ட்ராக்டர் மோசம்" என்றால் வாக்குவாதம் தொடங்கும். "300 தோட்டாவில் ஐந்து முறை வெற்றுக்கூடு சேம்பரில் நின்றது, மேகசின் 1, 3 இரண்டிலும்" என்றால் அடுத்த முனையில் இருப்பவர் பேனா எடுப்பார்.
3. விலையைக் காட்டிக் கோபப்படாதீர்கள். அங்கே எல்லோருடைய பிஸ்டலும் அதே விலைதான்.
4. வழக்கு எண் வாங்குங்கள். எத்தனை வாரம் ஆகும், யார் வேலை செய்வார், என்ன செய்தார்கள் என்று எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். நைட்ஹாக்கில் ஒரு பிஸ்டலைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கைவினைஞர் செய்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் செய்தவரே பார்ப்பாரா என்று கேட்கலாம்.
5. அன்றே, பேசியதைச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னது காற்றோடு போகும்.

## 8. பிஸ்டலை அனுப்புவது

1. தபால் நிலையத்துக்குக் கொண்டு போகாதீர்கள். தனிநபர் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்புவதற்கு எதிராக 1927-இலேயே சட்டம் வந்தது. பெரிய கூரியர் நிறுவனங்களும் உரிமம் இல்லாதவரிடம் வாங்குவதில்லை. கம்பெனி அனுப்பும் லேபிளைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் உள்ளூர் உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாக அனுப்புங்கள்.
2. காலி என்று இரண்டு முறை உறுதி செய்யுங்கள். பெட்டியில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.
3. சிக்கிய மேகசின்களையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் கம்பெனி தன் மேகசினில் சுட்டுப் பார்த்து, குறையில்லை என்று திருப்பிவிடும்.
4. ரெட் டாட், விலை உயர்ந்த கைப்பிடி போன்றவற்றைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.
5. பதிவேட்டின் நகலையும் ஒரு பக்கக் கடிதத்தையும் உள்ளே வையுங்கள். மூலத்தை அனுப்பாதீர்கள்.
6. பெட்டிக்குள் பெட்டி. வெளியே துப்பாக்கி என்று தெரியும்படி எதுவும் எழுத வேண்டாம்.

பழுது பார்த்த பிஸ்டலைக் கம்பெனி நேரே உங்கள் முகவரிக்கே அனுப்பக் கூட்டாட்சி விதி இடம் தருகிறது. அதே வகையில் மாற்றுப் பிஸ்டல் தந்தாலும் அப்படியே. மாநிலச் சட்டம் வேறு சொல்லலாம். புதிய சீரியல் எண் வந்தால் பதிவு விதிகளைப் பாருங்கள்.

## 9. திரும்பி வந்த பிறகு

1. பழைய படங்களோடு ஒப்பிடுங்கள்: கீறல் உண்டா, எந்தப் பாகம் மாறியது?
2. வேலைத் தாளைப் படியுங்கள். "சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால், என்ன மாற்றினீர்கள் என்று எழுதிக் கேளுங்கள்.
3. அதே மேகசின், அதே தோட்டாவோடு 200 சுடுங்கள். பழுது வந்த நிலைமையிலேயே சோதித்தால்தான் சரியானதா என்று தெரியும்.
4. மீண்டும் வந்தால் இரண்டாம் முறை அனுப்புங்கள். மூன்றாம் முறை பழுதுபார்ப்பைக் கேட்காதீர்கள். மாற்றுப் பிஸ்டலோ பணமோ கேட்டு எழுதுங்கள்.
5. மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் தரலாம். எழுத்தில் உள்ள தேதிகளே அங்கே பேசும்.

## 10. திரும்பப் பெறும் அறிவிப்பை நீங்களே தேடுங்கள்

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய 1972 சட்டம் துப்பாக்கிகளை அதன் அதிகாரத்துக்கு வெளியே வைத்தது. பொம்மைக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் அந்த ஆணையம் உத்தரவிடலாம், பிஸ்டலுக்கு முடியாது. அறிவிப்பு கம்பெனியே மனமுவந்து தருவதுதான். 2009-இல் ஸ்மித் அண்ட் வெசன் தான் தயாரித்த வால்தர் பி.பி.கே. பிஸ்டல்களைத் திரும்பக் கேட்டது. 2017-இல் சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டல் கீழே விழுந்தால் சுடக்கூடும் என்று தெரியவந்தபோது அந்தக் கம்பெனி செய்தது "விரும்பினால் மேம்படுத்திக்கொள்ளலாம்" என்ற அறிவிப்பு.

- வாங்கியவுடன் சீரியல் எண்ணைக் கம்பெனியில் பதியுங்கள்.
- ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பெனியின் பாதுகாப்பு அறிவிப்புகளைப் பாருங்கள்.
- "விரும்பினால்" என்ற சொல்லைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு தொடர்பானதென்றால் அனுப்பிவிடுங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- 50 தோட்டா ஓடியவுடன் பிஸ்டல் நல்லது என்று முடிவு கட்டுவது.
- பழுதைத் தேடும்போதே எக்ஸ்ட்ராக்டரை வீட்டில் வளைத்துப் பார்ப்பது. உத்தரவாதமும் போகும், காரணமும் மறையும்.
- வேறு கம்பெனியின் மலிவு மேகசினில் சோதித்துவிட்டுப் பிஸ்டலைக் குறை சொல்வது.
- ஸ்பிரிங் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் சுடுவது. கையேடு சொல்லும் தோட்டா எண்ணிக்கையில் மாற்றுங்கள். பதிவேடு இருந்தால் அந்த எண் கையோடு இருக்கும்.
- முடிவு தெரியாத பிஸ்டலை வீட்டுப் பாதுகாப்புக்கு வைப்பது. சோதனை முடியும்வரை அந்த வேலைக்கு நம்பகம் தெரிந்த பழையதே இருக்கட்டும்.

கடைசி 300 தோட்டாவும் சிக்கலின்றி ஓடினால் பிஸ்டலை நம்பலாம். இரண்டு முறை கம்பெனிக்குப் போய்வந்தும் ஓடாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விற்க நேர்ந்தால் பதிவேட்டையும் வேலைத் தாள்களையும் சேர்த்தே கொடுங்கள். குறையை மறைத்து விற்றால், சிக்கும் பிஸ்டலை இன்னொருவர் உயிருக்குக் காவலாக வைக்கச் செய்தவர் நீங்களாகிவிடுவீர்கள்.